மனை எண் நாற்பத்தேழு

நிலத்துக்கு விலை எங்கிருந்து வருகிறது என்று
காரைக்குடியில் முப்பத்தோரு வருடம் பாடம் நடத்தினேன்.
இரண்டாம் மாடி. வடக்குப் பார்த்த அறை.
இரண்டு மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றும்.

நிலத்தை உற்பத்தி செய்ய முடியாது.
நிலம் நகராது.
பக்கத்து மனையில் நடப்பதுதான் இந்த மனையின் விலை.
இந்த மூன்றையும் எழுதினால் பாஸ் என்று
பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.
பொய்யில்லை.

தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு வீடு உதாரணத்துக்கு வரும்.
அறுபத்து மூன்று பங்கு,
நாலு பேர் பினாங்கில்,
ஒருவர் இருக்கிறாரா என்றே தெரியாது.
எல்லாக் கையெழுத்தும் சேராமல் ஒரு நிலைக்கதவைக்கூட விற்க முடியாது.
பரிவர்த்தனைச் செலவு என்று பலகையில் எழுதுவேன்.
ஒரு வருடம் மூன்றாம் பெஞ்சிலிருந்து ஏகப்பன் எழுந்து
"அதுல ஒரு பங்கு எனக்கு, மேடம்" என்றான்.
கணக்குப் போட்டோம்.
ஒரு கட்டில் போடலாம்.
கட்டிலின் ஒரு கால் சித்தப்பா மகன் பங்கில் நிற்கும்.

புரட்டாசி முடிவதற்குள் வெளியே கூட்டிப்போவேன்.
செம்மண் தெருக்கள் அரை அங்குலம் அரை அங்குலமாய்
ஊரணிப் பக்கம் சாய்வதைக்
கோலிக்குண்டு உருட்டிக் காட்டுவேன்.
பிறகு, குண்டு நின்றுபோகும் இடம்.

ஐம்பத்திரண்டு மனை. முப்பதடிச் சாலை.
பூங்கா என்று மூலையில் பச்சை.
அ-பதிவேட்டில் வாய்க்கால், சர்க்கார் புறம்போக்கு;
வரைபடத்தில் நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தொன்பது.

"நாற்பத்தேழை எடுத்துக்கொள்வோம்.
விற்றவருக்கு லாபம், வாங்கியவருக்கும் லாபம்.
நஷ்டம் ஊரணிக்கு.
ஊரணி பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துகூடப் போடவில்லை.
இதற்குப் பெயர் புறவிளைவு."
இருபது மதிப்பெண் கேள்வி. வருடா வருடம் வரும்.

கடைசி வருடம் வீட்டுப்பாடம்:
ஏதாவது ஒரு மனைக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்து வாருங்கள்.
எல்லோரும் அவரவர் தெருவில் போட்டார்கள்.
புதுவயல் அரிசி ஆலையில் கணக்கெழுதுபவரின் மகள்
ஜோஸ்பின் நிரோஷா
நாற்பத்தேழுக்குப் போட்டாள்.

வாசிக்கச் சொன்னேன். எழுந்தாள், வாசிக்கவில்லை.
"பேரு ஒத்துப்போகுதுங்க மேடம்.
வேற ஆளா இருக்கலாம்."

வேறு ஆள் இல்லை.
சா. உண்ணாமலை, த/பெ சாத்தப்பன், விரிவுரையாளர்.
தொண்ணூற்றேழில், வைப்புநிதிக் கடனில்,
ஐந்து சென்ட் பதினேழாயிரம்.
அ-பதிவேடு படிக்க அன்றைக்கே எனக்குத் தெரியும்.
படித்தேன்.
வாங்கினேன்.

அதற்குப் பிறகு ஒரு மூட்டை சிமென்ட் இறக்கியதில்லை.
நகராட்சி சாலை போட்டது,
வாரியம் விளக்குப் போட்டது,
யார் யாரோ வீடு கட்டிக் குடிவந்தார்கள்.
என் நிலம் தூங்கிக்கொண்டே முப்பது லட்சம் ஆனது.
உழைக்காத உயர்வு:
அதையும் நான்தான் நடத்தினேன், நான்காம் அலகு.

நிரோஷாவுக்குப் பத்தொன்பதரை போட்டேன்.
உட்பிரிவு எண்ணை விட்டிருந்தாள்.

ஓய்வுபெற்ற மறுவாரம் மனுவோடு தாலுகா ஆபீஸ் போனேன்,
திருப்பித் தருகிறேன் என்று.
எழுத்தர் இரண்டு முறை படித்தார்.
"நாற்பத்தாறுல வீடு. நாற்பத்தெட்டுல மாடிவீடு.
நடுவுல உங்க வாய்க்கால் மட்டும் எங்க போகும், டீச்சர்?"
மனுவை மடித்து என் பக்கமே தள்ளினார்,
மரியாதையாகத்தான்.

இந்த ஐப்பசியில் நல்ல மழை.
தண்ணீருக்கு வழி மறக்கவில்லை.
எல்லாச் சுவரிலும் முட்டிப் பார்த்துவிட்டு
காலியாய்க் கிடந்த என் ஐந்து சென்டில் வந்து நின்றது.
சிவப்பாய், முழங்கால் ஆழம்.
ராத்திரியெல்லாம் தவளைச் சத்தம் என்று
நாற்பத்தெட்டுக்காரர் புகார் சொன்னார்.

காலையில் ஏகப்பன் கூப்பிட்டான்.
இப்போது அவனுக்கு அரியக்குடிப் பக்கம் மூன்று மனைப்பிரிவு.
"ரெண்டு லாரி மண்ணு போதும் மேடம், நானே அடிச்சுத் தரேன்.
காசெல்லாம் வேணாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.